அரைத்திரி

மாலை ஏழு மணிக்குள் மாத்திரையை விழுங்கிவிட வேண்டும் என்பது சட்டம். விழுங்குவதைப் பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். அப்படிப் பார்க்கிறவருக்குச் சாட்சி என்று பெயர். விழுங்கியவர் நாக்கைத் தூக்கிக் காட்டி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, தன் பெயரையும் தெருவையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கன்னத்தில் மாத்திரையை ஒதுக்கிக்கொண்டு தெளிவாகப் பேச முடியாது என்று மேலே யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறார். இந்தப் பனியன் ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது பிறகு வரும்.

சென்னியப்பன் தன் மனைவி பூங்கோதைக்குத் தானே சாட்சியாக இருந்தார். ஊரின் காசநோய் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைமை டாக்டர். வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கட்டிலருகே போய் நிற்பார். அவள் கையை நீட்டுவாள். நீட்டுவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும். விழுங்குவாள், நாக்கைத் தூக்குவாள், "பூங்கோதை, மாகாளியம்மன் கோயில் வீதி" என்பாள். ஆறு வருடமாக இதில் ஒரு மாலைகூடத் தப்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காசநோய்க் கிருமி இருக்கிற மருந்துகள் அத்தனைக்கும் டிமிக்கி கொடுக்கப் பழகிவிட்ட காலம் அது. கொல்ல வழியில்லை என்று ஆன பிறகு, தூங்கவாவது வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நுரையீரலில் குடியிருக்கும் அந்தக் கிருமி நம் உடம்புக் கொழுப்பைத் தின்று, நாம் இழுக்கிற மூச்சுக்காற்றில் அதை எரித்துப் பிழைக்கிறது. காற்று குறைந்தால் அது சாவதில்லை. சுருண்டு படுத்துவிடும், வருடக்கணக்கில் படுத்திருக்கும். மாத்திரை செய்வது இதுதான்: அந்த எரிப்பின் கடைசி வாசலைச் சாத்திவிடுகிறது. காற்றே இல்லை என்று நம்பிக் கிருமி உறங்கிவிடும். இருமல் நிற்கும், அடுத்தவருக்கு ஒட்டாது, ஆள் பிழைத்துக்கொள்வார்.

ஆனால் நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் அதே மாதிரி எரிப்புதான் நடக்கிறது. கிருமியின் அடுப்பும் நம் அடுப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. அங்கே வாசலைச் சாத்தினால் இங்கேயும் பாதி சாத்திக்கொள்ளும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாலு படி ஏறினால் உட்கார வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஓய்வெடுக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துவிட்டு, அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கண் சொருகும். அரசாங்கம் இவர்களுக்கு 'நிலைநிறுத்தப்பட்ட பயனாளிகள்' என்று பெயர் வைத்தது. ஊர், விளக்குத் திரியைப் பாதி இறக்கிவைத்த மாதிரி இருக்கிறார்கள் என்று 'அரைத்திரி' என்றது. பெயர் வைப்பதில் ஊரோடு யார் போட்டி போட முடியும்?

சென்னியப்பனுக்கும் களைப்புதான். ஆனால் அவருடைய களைப்புக்குச் சொல்லிக்கொள்ள ஒரு மாத்திரை இல்லை. எழுந்தால் சமையல், பிறகு பூங்கோதையைக் குளிக்க வைத்துத் தலை துவட்டுவது, பிறகு ஆய்வுக்கூடம், அங்கே நாளெல்லாம் முகமூடியும் மேலங்கியும், வந்தால் மறுபடி சமையல். ஓசூரில் இருக்கிற மகள் வெண்ணிலா, ஓர் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். வைத்துப் பார்த்தாயிற்று. அரைத்திரி வீடு என்று தெரிந்த மறுநாளே ஒவ்வொருவருக்கும் ஊரில் யாராவது செத்துப்போனார்கள். ஒட்டாது, பயமில்லை என்று விளக்கிச் சொல்லவும் அவருக்கு இப்போதெல்லாம் தெம்பு இருப்பதில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஆய்வுக்கூடத்து டெக்னீஷியன் ரெஜினா ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாத்திரையின் மருந்தைக் கலந்த திரவத்தில் நோயாளியின் கிருமியை விட்டு மூன்று வாரம் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். கிருமி தூங்கினால் திரவம் தெளிவாக இருக்கும். இது கலங்கியிருந்தது.

"சார், இது முழிச்சிருக்கு" என்றாள் ரெஜினா.

முதலில் கைத்தவறு என்றுதான் அவர் நினைத்தார். அடுத்த வாரம் இன்னொரு குழாய் கலங்கியது. பங்குனி முடிவதற்குள் ஏழு. மருந்துக்கு நடுவிலேயே கண் திறந்து உட்கார்ந்து தின்கிற கிருமி. தூங்க வைக்கவும் முடியாது என்றால் இனிக் கையில் எதுவுமே இல்லை. மாதிரிகள் எண் மட்டும் ஒட்டித்தான் வரும். எங்கிருந்து வந்தவை என்று தலைமையகத்தில் கேட்டால் சொல்வார்கள். சென்னியப்பன் கேட்கவில்லை. கேட்கிற அவசியமே அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் காரணம் அவருக்குத் தெரியும் என்று நினைத்தார்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காரணம். அதற்குப் பெயர் ஞாயிறு லீவு. பனியன் கம்பெனிகளில் அரைத்திரிகளுக்கென்று தனி லைன் உண்டு. மற்றவர்கள் மிஷினில் தைத்துத் தள்ளுவார்கள், இவர்கள் உட்கார்ந்து துணியில் தொங்கும் நூல் பிசிரை வெட்டுவார்கள். ஒருவருக்கு ஒருவரே சாட்சி. சனிக்கிழமை மாலை மட்டும் மாத்திரை சட்டைப்பையில் இருக்கும், வாயில் போவது மாத்திரை மாதிரியே இருக்கும் சூடமிட்டாய். மிட்டாயைச் சப்பிக்கொண்டே பெயரும் தெருவும் சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. ஒரு வேளை தவறினால் மறுநாள் மதியத்துக்குள் உடம்பு முழுத் திரியில் எரியும். ஞாயிறு முழுக்க மனிதர்களாக இருந்துவிட்டு, அன்று மாலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி அணைந்துவிடுவார்கள்.

சென்னியப்பன் ஒரு கம்பெனிக்கு நேரில் போனார். அந்த லைனில் மயிலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். வருடக்கணக்கில் லீவு எடுப்பவள், அதை ஒளிக்கவும் மாட்டாள். மற்றவர்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"ஆறு நாளைக்கு நானு மூட்டைங்க டாக்டரு... எடுத்து வெச்ச எடத்துல இருப்பேன். ஞாயித்துக்கிழமதான்... தலைக்கு ஊத்திக்குவேன். சந்தைக்குப் போவேன். எம்பட புள்ளைக்கு... நானே சடை பின்னி உடுவேன்."

"அந்த ஒரு நாள்ல கிருமி முழிச்சுக்குது மயிலாத்தா. முழிச்சு முழிச்சுப் பழகிப்போச்சுன்னா அப்புறம் தூங்கவே தூங்காது."

"முழிச்சுட்டுப் போகட்டுமுங்க... அதுக்குந்தான் ஒரு நாளு வேண்டாங்களா."

லைனில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது.

வெண்ணிலாவின் கல்யாணம் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முந்தின நாள் மாலை மண்டபத்து அறையில் அவர் மாத்திரையோடு நின்றபோது, பூங்கோதை கையை நீட்டவில்லை. "இன்னைக்கு ஒரு நாளு உட்டுருங்க மாமா. புள்ளைக்குத் தாலி ஏறும்போது நிக்கோணும்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். அவர் மாட்டேன் என்றார். பாசம் வேறு, மருந்து வேறு என்றார். ஊரில் எல்லாரும் செய்கிற தவறை டாக்டர் வீட்டில் செய்ய முடியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை நீட்டினாள். மறுநாள் பதினொரு மணி முகூர்த்தத்தில் கெட்டிமேளம் முழங்கியபோது, மணவறைக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் பூங்கோதை கண்மூடி உறங்கிக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படத்தை மட்டும் வெண்ணிலா ஒட்டவில்லை. அன்றைக்கு மனது சங்கடப்பட்டாலும், தன் மனைவியைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார்.

அப்படிக் கஷ்டப்பட்டுக் காத்த ஒழுங்கை மிட்டாய் சப்பிக்கொண்டு கெடுக்கிறார்களே என்ற கோபத்தோடுதான் அறிக்கையை எழுதினார். ஞாயிறு லீவை ஒழிக்காவிட்டால் இந்த மருந்தும் கைவிட்டுப் போகும் என்று எழுதினார். எழுதியது நல்ல தெளிவான எழுத்து. திட்டத்தின் இணை இயக்குநர் டாக்டர் ஆரோக்கியராஜ் அதை அன்றைக்கே மேலே அனுப்பினார். சாதாரணமாக ஒரு நாற்காலி வாங்குவதற்கே இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும் இலாகா, இதற்கு இரண்டே வாரத்தில் ஆணை போட்டது. சனிக்கிழமைகளில் கம்பெனி வாசலில் அரசாங்கமே சாட்சிகளை உட்கார வைத்தது. அவர்கள் கையில் டார்ச்சு. வாயைத் திறக்கச் சொல்லி அடிநாக்கு வரைக்கும் பார்த்தார்கள். ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

டெல்லியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அறிக்கை சரி, ஆதாரம் எங்கே? லீவு எடுப்பவர் ஒருவருடைய கிருமியையும் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டவர் ஒருவருடைய கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துக் காட்ட வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்விதான். லீவு எடுப்பவருக்கு மயிலாத்தாள் இருந்தாள். தவறாதவருக்கு யார்? ஊரில் யாரைக் கேட்டாலும், நான் ஒரு வேளைகூட விட்டதில்லை என்று மாகாளியம்மன்மேல் சத்தியம் செய்வார்கள்.

"நிச்சயமா நம்புற மாதிரி யாரு சார் இருக்காங்க?" என்றாள் ரெஜினா.

அவருக்கு ஒருத்தியைத் தெரியும்.

உப்புநீர் ஆவியைப் பிடிக்க வைத்து இருவரிடமும் சளி எடுத்தார்கள். மயிலாத்தாள் கொடுத்துவிட்டுப் போனாள். பூங்கோதை, இது எதற்கு என்று கேட்டாள். "உன்னை மாதிரி ஒழுங்காச் சாப்பிட்டா கிருமி எப்படித் தூங்கும்னு டெல்லிக்குக் காட்டறதுக்கு அம்மணி" என்றார். அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நானு நெம்ப நல்லவளாட்டிருக்குது" என்றாள். கேலி செய்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தை வைத்துச் சொல்கிற கேலிக்கெல்லாம் அவளுக்குத் தெம்பு கிடையாது.

மூன்று வாரம் கழித்து ரெஜினா இரண்டு குழாய்களையும் அவர் மேஜைமேல் வைத்தாள். ஒன்று தெளிவாக இருந்தது. இன்னொன்று கலங்கியிருந்தது. கலங்கியிருந்தது பூங்கோதையுடையது.

சீட்டு மாறியிருக்கும் என்றார். ரெஜினா தலையை ஆட்டினாள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. சீட்டு மாறியிருக்க வேண்டும் என்று அவர் மனதார ஆசைப்பட்டார். அப்படியென்றால் செத்துப்போகப் போவது மயிலாத்தாள். புள்ளைக்குச் சடை பின்னிவிடுகிறவள். அதற்கு ஆசைப்படுகிறோம் என்று உறைத்தபோது அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆசை மட்டும் போகவில்லை. மறுபடி சளி எடுத்து, ரெஜினாவைத் தொடவிடாமல், சீட்டை எழுதுவதிலிருந்து மூடியைத் திருகுவது வரை தன் கையாலேயே செய்தார். மறுபடி மூன்று வாரம்.

அந்த மூன்று வாரமும் அவர் வீட்டில் பூங்கோதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் அவள் கன்னத்தில் லேசான சிவப்பு ஏறியது. கழுத்தில் வியர்வை பூத்தது. சித்திரை வெயில் என்று நினைத்திருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்று வெண்ணிலாவிடம் போனில் சந்தோஷமாகச் சொல்லியும் இருந்தார். முப்பது வருடம் இதே நோயோடு குடித்தனம் நடத்தியவருக்கு, இளங்காய்ச்சல் எப்படி இருக்கும் என்று தெரியாதா? தெரியும். தன் வீட்டில் இருக்கும் என்று மட்டும் தெரியவில்லை.

இரண்டாவது முறையும் அதேதான்.

ஆரோக்கியராஜின் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. அவரும் ஓய்வு பெற ஒரு வருடமே இருக்கிற, எல்லாவற்றிலும் அலுத்துப்போன மனிதர். சென்னியப்பன் இரண்டு குழாய்களையும் மேஜையில் வைத்துவிட்டு, எந்தப் பீடிகையும் இல்லாமல் விஷயத்தைச் சொன்னார். ஆரோக்கியராஜ் குழாய்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"தவறாமச் சாப்பிட்டவங்க கிருமி எப்படிங்க பழகும்? விட்டு விட்டுச் சாப்பிட்டாத்தானே பழகும்? காலேஜ்ல இருந்து அதைத்தானே படிச்சோம்."

"அது கொல்ற மருந்துக்குங்க. இது தூங்க வைக்கற மருந்து" என்றார் சென்னியப்பன். "ஒரு நுரையீரல்ல கோடிக்கணக்கான கிருமி இருக்குது. அதுல ஒண்ணு ரெண்டு கோணலாப் பிறந்திருக்கும். கடைசி வாசலைச் சாத்தினாலும், பக்கத்துச் சந்துல புகுந்து சின்னதா அடுப்பு மூட்டிக்கத் தெரிஞ்சது. ஆனா அது நோஞ்சான். கொழுப்பைத் தின்னு செரிச்சு வளர அதுக்கு ரொம்ப நாள் ஆகும். மத்ததுக முழிச்சிருந்தா அதுககூடப் போட்டி போட்டு நிக்க அதால முடியாது."

"சரி."

"மயிலாத்தாளுக்கு வாரம் ஒரு நாள் மத்ததுகல்லாம் முழிச்சுக்குது. இருக்கற தீனியைத் தின்னு, எடத்தைப் புடிச்சு, நோஞ்சானை ஓரங்கட்டிருது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மறுபடி தூங்கிருது. ஒரே நாள்ல அதுகளால அவளுக்கு ஒரு கெடுதலும் பண்ண முடியறதில்ல. அது ஒண்ணு ரெண்டாகறதுக்கே ஒரு நாள் வேணும். என்ற ஊட்டுல..." அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார். "என்ற ஊட்டுல ஆறு வருசம் மத்த எல்லாத்தையும் தூங்க வெச்சு, அந்த ஒண்ணுக்குக் காட்டையே எழுதிக் குடுத்துட்டேன்."

ஆரோக்கியராஜ் கம்ப்யூட்டரைத் திருப்பித் தட்டினார். பங்குனியில் கலங்கிய அந்த ஏழு மாதிரிகளும் எங்கிருந்து வந்தவை என்று தேடினார். தேடல் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஏழும் மலையடிவாரத்தில் இருக்கிற அரசுக் காப்பகத்திலிருந்து வந்தவை. குடும்பம் வேண்டாம் என்று விட்டுவிட்ட அரைத்திரிகளை வைத்திருக்கும் இடம் அது. அங்கே காவலாளி முன்னால்தான் மாத்திரை. சூடமிட்டாய்க்கு வழியில்லை. ஞாயிறும் இல்லை.

"முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

"நானும் சொல்லியிருக்கலாம்" என்றார் ஆரோக்கியராஜ்.

ஆணையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் சென்னியப்பன். வாரம் ஒரு நாள் விடச் சொல்லி நாமே உத்தரவு போட வேண்டும். இப்போது செய்தால் ஊரில் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடலாம் என்றார். ஆரோக்கியராஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஆணை போடுவதற்கு இரண்டு வாரம் போதும், அதைத் திரும்பப் பெற ஒரு கமிட்டி வேண்டும், கமிட்டி கூட அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ஆகும் என்றார். இரண்டே இரண்டு குழாயை வைத்துக்கொண்டு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டார். அதில் ஒன்று யாருடையது என்று எழுத வேண்டியிருக்குமே என்றும் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றார் சென்னியப்பன்.

அன்று சனிக்கிழமை. வழியில் மயிலாத்தாளின் கம்பெனி வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். அரைத்திரிகள் சுவரில் சாய்ந்து சாய்ந்து வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். டார்ச்சோடு உட்கார்ந்திருந்த சாட்சி, டாக்டரைக் கண்டு எழுந்து வணக்கம் சொன்னான். சென்னியப்பன் அவனைத் தாண்டி வரிசைக்கு முன்னால் போய் நின்று, இன்றைக்கு யாரும் மாத்திரை விழுங்க வேண்டாம் என்றார். இனி எந்தச் சனிக்கிழமையும் வேண்டாம், மற்ற நாளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றார். மேலே கேட்டால் நான் சொன்னேன் என்று சொல் என்று சாட்சியிடம் சொன்னார். யாரும் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. இரண்டு மாதமாக வாயைப் பிளந்து காட்டியவர்கள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். மயிலாத்தாள் மட்டும், "ஏனுங்க, உங்களுக்கு மேலுக்கு நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பூங்கோதையின் முழித்த கிருமி தனக்கும் ஒட்டியிருக்குமோ என்று, தன் சளியையும் ஒரு குழாயில் விட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அது தெரிய மூன்று வாரம் ஆகும்.

வீட்டில் பூங்கோதை கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்ததும் வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார்.

கை அப்படியே இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குழாய்கள், மயிலாத்தாள், காப்பகத்து ஏழு பேர், ஞாயிறு லீவு எடுத்தவர்கள் பிழைத்தது, எடுக்காதவள் மாட்டிக்கொண்டது. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மெத்தென்ற சொற்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. மருந்துக்கு இனி வேலையில்லை, நிறுத்திவிடலாம், நிறுத்தினால் நாளைக்கு மதியத்துக்குள் உடம்பில் பழைய தெம்பு வரும் என்றார். நோயும் முழு வேகத்தில் வரும் என்றார். மற்றவர்களுக்கு ஒட்டும் என்பதால் தனி வார்டுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

பூங்கோதை நீட்டிய கையைச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு... உட்டிருந்தீங்கன்னா?"

"அந்த ஒரு நாள்ல பெருசா எதும் மாறியிருக்காது." பொய் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். "வாரா வாரம் உட்டிருந்தா, இன்னைக்கு இப்படி ஆயிருக்காது."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"வார்டுக்கு எப்பங்க?"

"திங்கக்கிழமை."

"எத்தன மாசம்... இருப்பேன்?"

"வருசம் ஆகாது."

அதையும் கேட்டுக்கொண்டாள். சமையலறையில் எதுவும் அடுப்பில் இல்லை. அன்றைக்கு அவர் உலை வைக்கவே மறந்திருந்தார். சென்னியப்பன் நாற்காலியிலிருந்து இறங்கி, கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னை மன்னித்துவிடும்படி ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் ஒரு விரலை மட்டும் உயர்த்தி அவரை நிறுத்தினாள். அந்த விரலுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப வேண்டாமுங்க. உங்க மேல... எனக்கு நெம்பக் கோவம் வருது மாமா. ஆனா கோவப்பட... இப்ப எனக்குத் தெம்பில்ல." கண்ணை மூடிக்கொண்டாள். உறங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தபோது மறுபடி உதடு அசைந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல... வந்துரும். எங்கியும் போயிராதீங்க."

சென்னியப்பன் எங்கும் போகவில்லை.